கல்லடிக் கூரையில் விமான அன்டெனா: தூரம் கூட்ட என்ன வழி, மாரியிலும் மின்னலிலும் காப்பது எப்படி?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில், கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. விமானங்களின் சிக்னலைப் பிடிப்பதற்காக ஓட்டுக் கூரைக்கு மேல் இரும்புக் குழாய் கட்டி, நானே செய்த அன்டெனாவை வைத்திருக்கிறேன். அதிலிருந்து 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் கீழ் அறையில் உள்ள ரிசீவருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கும் வருகிறது. 110, 120 கி.மீ.க்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. போன மாரிக்குப் பிறகு அதுவும் பாதியாகிவிட்டது. குழாயை இன்னும் 5 மீட்டர் உயர்த்தினால் சரிவருமா, அல்லது விலை கூடிய அன்டெனா வாங்க வேண்டுமா? மின்னலை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் தூரத்தைத் தின்பது அந்த 20 மீட்டர் கேபிள்தான்.

விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சிக்னல் 1090 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அந்த அலைவரிசையில் ஆர்ஜி-58 கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டெசிபெல் (சிக்னலின் கூடுதல் குறைவை அளக்கும் அலகு) விழுங்கும். 20 மீட்டருக்கு 12 டெசிபெல். அன்டெனா பிடித்த சக்தியில் பதினாறில் ஒரு பங்குதான் ரிசீவருக்கு வந்து சேர்கிறது. 6 டெசிபெல் இழந்தால் எட்டும் தூரம் பாதியாகும் என்பது திறந்தவெளிக் கணக்கு. 12 இழந்தால் நாலில் ஒன்று. கிழக்கே திறந்த கடல் இருக்கும் உங்கள் வீட்டில் 400 கி.மீ. கிடைக்க வேண்டிய இடத்தில் 110 கிடைப்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. விலை கூடிய அன்டெனா ஒன்று உங்களுடையதைவிட மூன்று நான்கு டெசிபெல் கூடுதலாகத் தரலாம். கேபிள் அதைப்போல மூன்று மடங்கைத் தின்றுகொண்டிருக்கும்போது அந்தக் காசு வீண்.

டிஷ் டிவிக்கு இழுக்கிற ஆர்ஜி-6 கேபிளையே வாங்குங்கள். மீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவுதான் இழப்பு. அதன் மின்மறிப்பு 75 ஓம், ரிசீவருடையது 50 ஓம், பொருந்தாதே என்று சிலர் தயங்குவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபெல்கூட இல்லை, கவலைப்படாமல் போடலாம். கேபிளின் நீளத்தையும் குறையுங்கள். ரிசீவரையும் ராஸ்பெர்ரி பையையும் அன்டெனாவுக்கு நேர் கீழே உள்ள அறைக்கு மாற்றினால் நாலைந்து மீட்டர் போதும். இழப்பு ஒரு டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட வெளியில் மட்டும் பெட்டியை வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அந்த இடம் அடுப்பாகிவிடும், ராஸ்பெர்ரி பை 80 பாகை செல்சியஸை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சீலிங்குக்குக் கீழே, சுவரில், காற்றுப்படும்படி மாட்டுங்கள். தரவை வைஃபை வழியாக ரவுட்டருக்கு அனுப்பலாம்.

இனி உயரம். 35,000 அடியில் பறக்கும் விமானத்தை 5 மீட்டர் உயர அன்டெனா ஏறக்குறைய 435 கி.மீ. வரை ‘பார்க்கும்’. அதை 10 மீட்டராக்கினால் 439 கி.மீ. வெறும் நாலு கி.மீ.க்காக இன்னொரு குழாய் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சுற்றியுள்ள தென்னை ஓலைகளோ பக்கத்து வீட்டு மாடியோ தண்ணீர்த் தாங்கியோ அன்டெனாவை மறைத்தால் கதை வேறு. மழையில் நனைந்த ஓலை இந்த அலையை நன்றாகவே உறிஞ்சும். அன்டெனாவின் மட்டத்திலிருந்து நாலு பக்கமும் பாருங்கள். எது மறைக்கிறதோ அதைத் தாண்டும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். தென்மேற்கே மலைநாடு இருக்கிறது. 2,524 மீட்டர் பிதுருதலாகலையின் திசையில் உங்கள் தூரம் கொஞ்சம் குறைந்தே இருக்கும், எவ்வளவு உயரக் குழாய் போட்டாலும் அது மாறாது. கிழக்கில்தான் உங்கள் அதிர்ஷ்டம். வங்காள விரிகுடாவின் நடுவில் யாரும் தரை ரிசீவர் வைக்க முடியாது. தென்கிழக்காசியாவிலிருந்து மேற்கே போகும் விமானங்களைக் கரையிலிருந்து பிடிக்கும் இடம் உங்களுடையது. அதனால்தான் இதை ஒழுங்காகச் செய்யுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மாரிக்குப் பிறகு பாதியானதற்குக் காரணம் தண்ணீர் என்றே நினைக்கிறேன். அன்டெனாவுக்கும் கேபிளுக்கும் இடையிலுள்ள கனெக்டரைக் கழற்றி, கேபிளின் நுனியைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே செப்புப் பின்னல் பளபளப்பாக இருக்க வேண்டும். கறுத்தோ பச்சைக் களிம்பு ஏறியோ இருந்தால் அந்தக் கேபிள் முடிந்தது. பின்னலின் இடுக்குகள் வழியே ஈரம் பல மீட்டர் இறங்கியிருக்கும். நுனியை மட்டும் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டினால் அடுத்த மாரிக்குள் அதே கரைச்சல் வரும். எப்படியும் ஆர்ஜி-6 போடப்போகிறீர்கள், பழையதைக் கழித்துவிடுங்கள்.

புதிய இணைப்பை முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் நன்றாக இழுத்துச் சுற்றுங்கள். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீர் வழிந்தோடும். அதற்கு மேல் வெயில் தாங்கும் கறுப்பு டேப் ஒரு சுற்று. சிலிக்கோன் பூசுவதாக இருந்தால் வினாகிரி மணம் வருகிற வகையை வாங்காதீர்கள், அதிலிருந்து வெளியேறும் அமிலம் செப்பை அரிக்கும். நடுநிலை வகை என்று கேட்டு வாங்குங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள்; மழைநீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும், சுவருக்குள் வராது.

நீங்கள் செய்த அன்டெனா, ஒவ்வொரு கம்பியும் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது 69 மி.மீ. அளவு வரும் கால் அலை வகை என்றால் அதையே வைத்திருங்கள், நல்ல அன்டெனா அது. கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். உப்புக்காற்றிலிருந்து காக்க மெல்லிய பீவீசி குழாய்க்குள் விடலாம். தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் தடித்த வகை அன்டெனாவின் இசைவைக் கொஞ்சம் மாற்றிவிடும், அது வேண்டாம். மேலே மூடி போடுங்கள், அடியில் சிறு துளை விடுங்கள். முழுவதும் அடைத்தால் உள்ளே வியர்க்கிற நீர் போக வழியில்லாமல் தேங்கும். கிளிப், போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும்.

மின்னலைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். இலங்கையில் பங்குனி–சித்திரையிலும் ஐப்பசி–கார்த்திகையிலும்தான் இடி மின்னல் உச்சத்தில் இருக்கும். நேரடியாக விழும் மின்னலிலிருந்து எந்தக் கருவியும் உங்கள் ரிசீவரைக் காப்பாற்றாது. பக்கத்தில் விழும் மின்னல் கேபிளில் தூண்டிவிடும் மின்னழுத்தத்தைத்தான் நாம் சமாளிக்க முடியும், நடைமுறையில் அடிக்கடி கருவிகளைக் கெடுப்பதும் அதுதான்.

இரும்புக் குழாயைத் தடித்த செப்புக் கம்பியால், வீட்டுக்கு வெளியே, வளைவில்லாமல் நேராக இறக்கி, மண்ணில் அடித்த எர்த் கம்பியோடு இணையுங்கள். கல்லடியில் மேல்மண் மணல். காய்ந்த மணல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. ஆனால் கடலோரமாதலால் கொஞ்ச ஆழத்திலேயே கிணற்று நீர் மட்டம் வந்துவிடும். எர்த் கம்பி அந்த ஈர மண்ணைத் தொடும்வரை இறங்க வேண்டும். இந்த எர்த்தும் வீட்டு மின்சார எர்த்தும் தனித்தனியாக நிற்கக்கூடாது. மின்னல் நேரத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய மின்னழுத்த வேறுபாடு வந்து, அது உங்கள் ரிசீவர் வழியாகவே பாயும். இரண்டையும் இணைக்கிற வேலையை மின்சார வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், இதில் கைப்பழக்கம் மட்டும் போதாது. கேபிள் உள்ளே நுழையும் இடத்தில், மின்னழுத்தம் எகிறும்போது அதை எர்த்துக்குத் திருப்பிவிடும் வாயுக்குழாய் வகை மின்னல் தடுப்பான் ஒன்று போட்டு அதையும் அதே எர்த்தில் சேருங்கள். பின்னாளில் அன்டெனா அருகே ஆம்பிளிஃபையர் வைத்து, கேபிள் வழியாகவே அதற்கு மின்சாரம் அனுப்பும் எண்ணம் இருந்தால், நேர்மின்சாரத்தை (டிசி) கடந்துபோக விடும் தடுப்பானாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்த ஆம்பிளிஃபையரிலும் 1090க்கான வடிகட்டி இருக்கட்டும். வடிகட்டி இல்லாவிட்டால் கைபேசிக் கோபுரங்களின் 900 மெகாஹெர்ட்ஸ் அலை அதைத் திணறடிக்கும்.

இவ்வளவும் செய்தாலும், வானம் கறுக்கத் தொடங்கியதும் கேபிளையும் மின்சார பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இடி கேட்ட பிறகு கூரைக்கு ஏறவோ கேபிளைத் தொடவோ கூடாது. ரவுட்டருக்கு வைஃபையில் போவதன் இன்னொரு நன்மை, அன்டெனாவிலிருந்து ரவுட்டர்வரை நீளும் செப்புப் பாதை அறுந்துவிடுகிறது.

குழாயின் அடியில் ஒரு கீல் வைத்துக்கொள்ளுங்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊரில் அதன் அவசியத்தை நான் விளக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை வந்தவுடன் ஒருவரே குழாயைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கட்டிவிடலாம். சாயும்போதும் முறிந்து விழும்போதும் மின்சார சபையின் வயரை எந்தப் பக்கத்திலும் தொடாத இடத்தில் குழாய் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் குழாயை இடம் மாற்றுங்கள்.