கேமரா கேள்வி - பதில்: ஊன்றிய கால் சொல்லும் சேதி

கேள்வி: மகளின் நடன நிகழ்ச்சியை அரங்குக்குள் படம் எடுத்தேன். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான், ஆட்டோவில் வைத்திருந்தேன். நானூறு படங்களில் பத்துகூடத் தேறவில்லை. மேடை தெளிவாக இருக்கிறது. அவள் ஊன்றிய கால்கூடத் தெளிவு. கைகளும் முகமும் மட்டும் புகை போல இழுத்துக்கொண்டு போகின்றன. ஃபோகஸ் கோளாறா?

பதில்: ஊன்றிய கால் தெளிவு என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. ஃபோகஸ் தப்பியிருந்தால் காலும் மங்கியிருக்கும். உங்கள் கை ஆடியிருந்தால் மேடையும் சேர்ந்து ஆடியிருக்கும். அசைந்தது மட்டும் மங்கியிருப்பதால் இது ஷட்டர் வேகத்தின் வேலை, அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதன் வேலை. அந்தப் படங்களின் விவரத்தைத் திறந்து பாருங்கள். 1/15, 1/20 விநாடி என்று ஏதாவது இருக்கும்.

இது ரொம்பப் பழைய சங்கதி. 1838-ல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகுவேர் பாரிஸில் ஒரு தெருவைப் படம் எடுத்தார். பல நிமிடங்கள் ஒளி பட வேண்டியிருந்ததால் வண்டி, குதிரை, நடந்து போனவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள். செருப்புக்குப் பாலிஷ் போட ஓரிடத்தில் நின்ற ஆள் மட்டும் பதிந்தார். உங்கள் மகளின் கால்தான் அந்த ஆள்.

நானும் இதில் அடிபட்டவன்தான். முதன்முதலாக ஒரு மேடை நிகழ்ச்சியை எடுத்த அன்று, கேமராவின் குட்டித் திரையில் எல்லாப் படமும் அருமையாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால், மைக் ஸ்டாண்டு மட்டும் ஊசி முனையாக நிற்கிறது. பாடியவருக்கு மூக்கே இல்லை. அன்றிலிருந்து முதல் பத்துப் படம் எடுத்ததுமே ஒன்றைப் பெரிதாக்கிக் கண் இமையைப் பார்த்துவிடுவேன்.

சரி, என்ன செய்வது? வேகத்தை முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்கு வளைந்து கொடுக்கட்டும். நின்று பேசுபவருக்கு 1/125 போதும். நடனத்துக்கு 1/250-லிருந்து தொடங்குவேன். குதித்துச் சுழன்றால் 1/500. அசைவின் உச்சியில், கை மேலே போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் அமுக்கப் பழகிவிட்டால் 1/125-ஐ வைத்தே ஒப்பேற்றலாம்.

இதற்கு விலை உண்டு. ஒளிக்குக் கேமரா எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் ஐ.எஸ்.ஓ. அது 800-ல் இருக்கும்போது 1/15 கிடைத்த இடத்தில் 1/125 வேண்டுமென்றால் மூன்று படி ஏற வேண்டும்: 1600, 3200, 6400. 6400 என்றதும் பலருக்கு நடுக்கம். படம் கொஞ்சம் மணல் தூவியது போல இருக்கும், அவ்வளவுதான். மணலை அப்புறம் மென்பொருளில் ஓரளவு குறைத்துக்கொள்ளலாம். இழுபட்டுப்போன முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஐ.எஸ்.ஓ.வுக்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் வெளிச்சம் ஏற்றுவதும் வேண்டாம். பல கேமராக்களில் மணல் இன்னும் மோசமாகத் தெரியும்.

இன்னொரு திருட்டு உங்கள் லென்ஸிலேயே நடக்கிறது. எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் கூடினால் திறப்பு சிறுக்கும். 18-ல் எஃப் 3.5 இருப்பது, 55-க்கு ஜூம் செய்ததும் 5.6 ஆகிவிடும், ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். ஜூம் செய்வதைவிட நாலு அடி முன்னே போய் உட்காருங்கள். பிறகு ஆசை வந்தால் எஃப் 1.8 உள்ள 50 லென்ஸ் ஒன்று வாங்கலாம். 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி உள்ளே வரும்.

பின்திரை கறுப்பாக இருந்ததா? அப்படியென்றால் கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து ஷட்டரை இன்னும் மெதுவாக்கியிருக்கும். முகமும் வெளிறிப்போயிருக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒரு படி குறைத்து வைத்தால் முகமும் தப்பும், வேகமும் ஒரு படி மிச்சம்.

கேள்வி: என் லென்ஸில் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது. 1/10-ல்கூடக் கையில் பிடித்து எடுக்கலாம் என்றார்கள். குழந்தை மட்டும் மங்கலாகவே வருகிறாளே?

பதில்: அந்த வசதி உங்கள் கையைத்தான் பிடித்துக்கொள்ளும், குழந்தையை அல்ல. சிலைக்கும் கட்டடத்துக்கும் அது வரம். ஓடுகிற குழந்தைக்கு 1/250-க்குக் கீழே இறங்காதீர்கள்.

கேள்வி: ஆட்டோ வேண்டாமென்றால் எந்த மோடு? டயலில் எத்தனையோ எழுத்துகள்.

பதில்: 'எஸ்' மோடு, கேனன் வைத்திருந்தால் 'டிவி' என்று எழுதியிருக்கும். வேகத்தை நீங்கள் சொல்ல, அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, கேமரா பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 6400 என்று கட்டிவிடுங்கள். வரம்பு தொட்டதும் படம் இருட்டத் தொடங்கும். அப்போது எதை விட்டுக்கொடுப்பது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் வரம்பை 12800-க்குத் தூக்கிவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. திரையில் 4 என்றிருந்தால் பல கேமராக்களில் அது 1/4 விநாடி. பக்கத்தில் இரண்டு கோடு போட்டிருந்தால்தான் நாலு விநாடி. இதைக் கவனிக்காமல் ஒரு மாலையையே தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: வேகத்தை 1/500-க்கு ஏற்றினேன். படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுகின்றன. கேமரா போய்விட்டதா?

பதில்: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, விளக்குதான் சிமிட்டுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில எல்.இ.டி., டியூப் விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை மங்கி எரியும். 1/100 அல்லது 1/50-க்கு இறங்கினால் பட்டை போய்விடும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் இருந்தால் 1/120 அல்லது 1/60. சத்தமில்லாத ஷட்டரைப் போட்டிருந்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள். பல நேரம் பாதிப் பட்டை அதோடு போய்விடும்.