பொண்ணு இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் படிக்கணும்னு சொல்றா, சேர்க்கலாமா?

அக்கா, தண்டையார்பேட்டையில் இருந்து நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். பொண்ணு பிளஸ் டூ, காமர்ஸ் குரூப், பி.ஏ. இன்டர்நேஷனல் ஸ்டடீஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம். வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், அவர் "பி.காம் போடு, ஆடிட்டர் ஆபீஸிலாவது உட்காருவாள்" என்கிறார், நடுவில் நீங்கள் தூங்காமல் கிடக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். படிக்கட்டும். ஆனால் அந்தப் பெயர் போட்ட பட்டத்துக்காகப் பெரிய கடன் வாங்கித் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்க்காதீர்கள்.

முதலில் இது என்ன படிப்பு என்று வீட்டில் தெளிவாகட்டும். அரசியல், வரலாறு, பொருளாதாரம், சட்டம் நான்கையும் சேர்த்து, நாடுகள் எப்படிப் பேசுகின்றன, ஏன் சண்டை போடுகின்றன, யாரோடு வியாபாரம் செய்கின்றன என்று படிப்பது. ஏதோ டெல்லிக்காரர்கள் படிப்பு என்று நினைக்கிறீர்கள், உண்மையில் நம் ஏரியாவுக்கு இதைவிட நெருக்கமான படிப்பு இல்லை. 2023 கடைசியில் செங்கடலில் ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹூதிகள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தபோது, ஐரோப்பா போகிற கப்பல்கள் பல சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவையே சுற்றிப் போயின, நாளும் கூடியது, வாடகையும் ஏறியது. எங்கோ நடக்கிற சண்டையால் பெட்டி வரத் தாமதமானால் எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டியோடு காத்துக் கிடப்பது உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள்தான். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுகிறோமே, அது 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, பிறகு கடைகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டதால் கப்பலேறி வந்த நம் ஜனங்களோடு வந்தது. காசிமேட்டு விசைப்படகு எந்தக் கோடு வரை போகலாம் என்பது கடல் சட்டம். கும்மிடிப்பூண்டி முகாமில் முப்பது நாற்பது வருஷமாக இருக்கிற இலங்கைத் தமிழர்களுக்கு ஏன் இன்னும் குடியுரிமை சிக்கல் என்பது அகதிச் சட்டம். உங்கள் பொண்ணு இதையெல்லாம் பார்த்து வளர்ந்திருக்கிறாள், அதற்குப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு ஆசை வந்திருக்கிறது. அந்த ஆசையை அடக்கி பி.காமில் உட்கார வைத்தால் மூன்று வருஷம் அரை மனசோடுதான் போவாள்.

அப்புறம் ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணிக் கனவு. வெளிநாட்டுத் தூதர் ஆக வேண்டும் என்கிறாள், நல்ல கனவுதான், ஆனால் அதற்கு இந்தப் பட்டம்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், 21 வயது ஆக வேண்டும். இப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் இளங்கலையில் படித்தது வேதியியல், பிறகுதான் டெல்லி ஜே.என்.யு.வில் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) அரசியலும் சர்வதேச உறவுகளும். இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி.முத்தம்மா நம் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர். பெண் என்பதால் பதவி உயர்வு மறுக்கிறார்கள் என்று அரசாங்கத்தையே உச்ச நீதிமன்றத்துக்கு இழுத்தார், 1979-ல் தீர்ப்பு வந்தது. அவரைப் பற்றி உங்கள் பொண்ணை அவசியம் படிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் படிப்பு அந்தத் தேர்வுக்குக் கை கொடுக்கும் என்பது உண்மைதான். இரண்டாம் கட்டமான மெயின்ஸ் எழுத்துத் தேர்வில் 500 மதிப்பெண்ணுக்கு விருப்பப் பாடம் உண்டு, அதில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் என்று ஒரு பாடமே இருக்கிறது, பொது அறிவு இரண்டாம் தாளிலும் இதே விஷயம் வரும். ஆனால் வெளியுறவுப் பணிக்கு நாடு முழுக்க வருஷத்துக்குச் சில பத்துப் பேரைத்தான் எடுக்கிறார்கள். அதை மட்டும் நம்பி ஒரு வீடு திட்டம் போடக் கூடாது. இதே வெளியுறவு அமைச்சகத்துக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் உதவிப் பிரிவு அலுவலர் பணி உண்டு, அதில் இந்த அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்துக் கிடைத்தால் வெளிநாட்டுத் தூதரகங்களிலும் போஸ்டிங் வரும். அதற்கும் ஏதாவது ஒரு டிகிரி போதும்.

வீட்டுக்காரர் கேட்கிற கேள்விக்கு வருகிறேன்: டிகிரி முடித்ததும் சம்பளம் யார் தருவார்கள்? வெறும் பி.ஏ.வை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றால், யாரும் உடனே கூப்பிட மாட்டார்கள் அக்கா. இதை நான் மறைக்க விரும்பவில்லை. கூடவே ஒரு கைத்தொழில் மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும், அதை முதல் வருஷமே ஆரம்பிக்க வேண்டும். அது ஒரு மொழியாக இருக்கலாம். பிரெஞ்சுக்கு நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, ஜெர்மனுக்குக் கோதே இன்ஸ்டிடியூட் இருக்கிறது, ஜப்பானிய மொழியும் சென்னையில் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். மூன்று வருஷம் விடாமல் படித்து நன்றாகப் பேசி எழுதத் தெரியும் என்று காட்டுகிற பி2 நிலைக்கான சான்றிதழோ, ஜப்பானியம் என்றால் நடுத்தர நிலையான என்3-யோ வாங்கினால் அதற்குத் தனியாக வேலை இருக்கிறது. என் அனுபவத்தில் ஆரம்பிப்பவர்களில் பாதிப் பேர் முதல் நிலையோடு நிறுத்திவிடுகிறார்கள், அந்த முதல் நிலைச் சான்றிதழால் பிரயோஜனம் குறைவு.

இன்னொன்று, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பது. ராஜாஜி சாலை, பாரிமுனை சுற்றி இருக்கிற ஷிப்பிங், கிளியரிங் ஆபீஸ்கள். பில் ஆஃப் லேடிங், ஷிப்பிங் பில், எந்த நாட்டில் செய்த சரக்கு என்கிற சான்று, இதெல்லாம் அங்கே தினசரி ஓடுகிற காகிதம். இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1-ல் நடைமுறைக்கு வந்தது. வகுப்பில் அது ஒரு பாடம், ராஜாஜி சாலையில் அந்தச் சான்று சரியாக இருந்தால்தான் துபாயில் இறக்குபவருக்கு வரிச் சலுகை. இரண்டையும் தெரிந்த ஆள் குறைவு. காமர்ஸ் குரூப் படித்த பொண்ணுக்கு இது இன்னும் எளிது. லீவில் ஒரு மாதம் அப்பாவுக்குத் தெரிந்த கிளியரிங் ஆபீஸில் உட்காரச் சொல்லுங்கள், துறைமுகத்தில் இத்தனை வருஷமாக ஓட்டுபவருக்கு நாலு பேரைத் தெரியாமல் இருக்காது.

எங்கே சேர்ப்பது? பெயரைப் பார்க்காதீர்கள், ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பொருளாதாரம் இரண்டு தாளாவது இருக்கிறதா, சர்வதேசச் சட்டம் இருக்கிறதா, சொந்தமாக ஆராய்ந்து எழுதும் புராஜெக்ட் உண்டா. இல்லையென்றால் மாநிலக் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியலோ பொருளாதாரமோ எடுத்துவிட்டு, எம்.ஏ.வில் சர்வதேச உறவுகளுக்குப் போவது நல்ல வழி. ஜே.என்.யு.வின் சர்வதேசப் படிப்புகள் பள்ளியும் முதுகலையில்தான் ஆரம்பிக்கிறது. பொண்ணு ஆறாவதில் இருந்து அரசுப் பள்ளிதானே, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், 2022-ல் அதைத் தொடங்கி வைத்ததே நம் பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். அந்தப் பணம் மொழி வகுப்புக்குப் போகட்டும். மத்தியப் பல்கலைக்கழகம் யோசித்தால் கியூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், தமிழிலும் எழுதலாம், ஆனால் விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். வருஷா வருஷம் நிறையப் பேர் கோட்டை விடுவது இதில்தான்.

கடன் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், என்னிடம் வந்த ஒரு பையன், திருவொற்றியூர், அம்மாவின் நகையை வைத்து, வங்கியிலும் வாங்கி, இதே படிப்பில் சேர்ந்தான். நன்றாகப் படித்தான். முடித்ததும் எம்.ஏ. போகத்தான் ஆசை, ஆனால் தவணை ஆரம்பித்துவிட்டதால் கிடைத்த கால் சென்டர் வேலைக்குப் போனான். இந்தப் படிப்பில் மேலே படித்தால்தான் கதவு திறக்கும், அதற்குள் கடன்காரர் வந்து நின்றால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொண்ணையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரும்போது அவளுக்குப் பிடித்த மூன்று கல்லூரிகளின் பாடத்திட்டத்தை அவளே இறக்கி பிரின்ட் எடுத்து வரட்டும். செங்கடல் கதையை வைத்து ஒரு பக்கம், தமிழிலோ ஆங்கிலத்திலோ, அவளே எழுதி எடுத்து வரட்டும். அதை அப்பா முன்னால் படித்துக் காட்டட்டும், பிறகு பேசலாம்.