டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: உங்கள் கொழுப்பெல்லாம் குழந்தைக்குப் போகாது

கேள்வி: வயது 29, ஐந்தாம் மாதம். கருத்தரிக்கும் முன்பே 84 கிலோ இருந்தேன். உயரம் 158 செ.மீ. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும், நெய் சேர்த்தால் பிரசவம் வழுக்கிக்கொண்டு நடக்கும் என்கிறார் மாமியார். “உன் உடம்பில் இருக்கும் கொழுப்பே குழந்தைக்குப் போதும், மீன்கூட வேண்டாம்” என்கிறார் நாத்தனார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: மாமியாருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நெய் போவது இரைப்பைக்கு. அங்கிருந்து பிரசவப் பாதைக்கு வழி எதுவும் கிடையாது. எடை சரியாக இருக்கும் கர்ப்பிணிக்கே நாளொன்றுக்கு 350 கலோரிதான் கூடுதலாகத் தேவை. சாம்பாரோடு நான்கு இட்லியில் அது முடிந்துவிடும்.

நாத்தனார் சொல்வது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் நடுவில் நஞ்சுக்கொடி இருப்பதை அவர் மறந்துவிட்டார். பிரசவ அறையில் வேலை பார்த்த காலமெல்லாம், குழந்தை பிறந்த பிறகு நஞ்சுக்கொடியைத் தட்டில் வைத்து முழுதாக வந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். சுமார் அரை கிலோ எடை. பருமனான தாய்மாரிடம் பெரும்பாலும் அதற்கும் மேல். உங்கள் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் அதற்குள் அருகருகே ஓடும், கலக்காது.

உங்கள் இரத்தத்தில் கொழுப்பு பெரும்பாலும் டிரைகிளிசரைடாக, அதாவது கொழுப்பு அமிலங்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டையாகப் பயணம் செய்கிறது. அது மூட்டையாக வாசலைத் தாண்டாது. நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் உள்ள லிப்பேஸ் என்ற நொதிகள் அதைப் பிரித்து, தனித்தனிக் கொழுப்பு அமிலங்களாக்க வேண்டும். பிறகு சில புரதங்கள் அவற்றை உள்ளே ஏற்றுகின்றன. உள்ளே போனவற்றில் ஒரு பகுதியை நஞ்சுக்கொடி தன் செலவுக்கு எரித்துக்கொள்ளும், ஒரு பகுதியைத் துளிகளாகச் சேமிக்கும், மீதியைத்தான் குழந்தைக்கு அனுப்பும். அனுப்புவதிலும் தேர்வு உண்டு. மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 அமிலத்துக்கு முன்னுரிமை. ஏழாம் மாதத்துக்குப் பிறகு அதன் தேவை வேகமாக ஏறும்.

உடல் பருமன் இந்த ஏற்பாட்டைக் குழப்புகிறது. நஞ்சுக்கொடியில் லேசான அழற்சி உண்டாகிறது. கொழுப்பை அனுப்புவதைவிடத் தேக்கிவைக்கும் போக்கு கூடுகிறது. பருமனோ கர்ப்பகால நீரிழிவோ உள்ள தாய்மாரின் இரத்தத்தில் கொழுப்பு ஏறிக் கிடந்தும், தொப்புள்கொடி இரத்தத்தில் டி.எச்.ஏ. குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதே குழந்தை நாலு கிலோவும் இருக்கலாம்! தாயிடமிருந்து வரும் அதிகப்படிச் சர்க்கரையைக் குழந்தையின் இன்சுலின் கொழுப்பாக மாற்றித் தோலுக்கடியில் சேர்த்துவிடும். “கொழுகொழுவென்று இருக்கிறது” என்று வீடே மகிழும் குழந்தைக்கும் மூளைக்கான கொழுப்பு குறைவாகப் போயிருக்கலாம்.

உயரத்துக்கு எடை பொருத்தமா என்று காட்டும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) உங்களுக்கு 33-ஐத் தாண்டுகிறது. இந்தக் கணக்கில் உள்ளவர்கள் பத்து மாதத்திலும் சேர்த்து 5 முதல் 9 கிலோ வரை கூடினால் போதும் என்பது அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 2009-ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதற்காக இப்போது எடை குறைக்கப் பட்டினி கிடக்காதீர்கள். நெய்யையும் இனிப்பையும் குறைத்து, பருப்பு, முட்டை, கீரை என்று தட்டை மாற்றுங்கள். மாலையில் அரை மணி நேரம் நடங்கள். ஆரம்பத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்திருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டால் அது கர்ப்பகால நீரிழிவு.

மீனை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அதுவும் தூத்துக்குடியில் இருந்துகொண்டு! மத்தி, நெத்திலி, அயிலை ஆகியவற்றில் வாரம் இரண்டு வேளை, பொரிக்காமல் குழம்பாக. மலிவான மத்தியில்தான் டி.எச்.ஏ. தாராளமாக இருக்கிறது, விலை உயர்ந்த மீன்தான் சத்து என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டாரோ. சுறா மட்டும் வேண்டாம். அதில் சேரும் பாதரசமும் நஞ்சுக்கொடியைத் தாண்டும். பிரசவமானதும் பால் ஊற வேண்டும் என்று சுறாப்புட்டோடு வருவார்கள், அப்போதும் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். என் மகள் உண்டாகியிருக்கிறாள். மீனுக்குப் பதில் ஆளிவிதை போதுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஆளிவிதையிலும் வால்நட்டிலும் இருப்பது வேறு வகை ஒமேகா-3. அதில் மிகச் சிறு பங்கைத்தான் உடல் டி.எச்.ஏ.வாக மாற்றும். சாப்பிடட்டும், நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மீனுக்கே டி.எச்.ஏ. கடல் பாசியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாசியிலிருந்து நேரடியாக எடுத்த மாத்திரைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் டி.எச்.ஏ. என்பது பரவலாக ஏற்கப்பட்ட குறைந்தபட்ச அளவு. வாங்கும்போது அட்டையில் ‘ஒமேகா-3’ என்ற மொத்தக் கணக்கைப் பார்க்காமல் டி.எச்.ஏ. எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். மாத்திரையின் மேலுறையில் உள்ள ஜெலட்டின் மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி இருக்கிறதா என்றும் கவனித்துக்கொள்ளுங்கள். மகளைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்கட்டும்.