தாரா, டாரா, டெரா

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் பெயர் தாரா. என் வேலையில் பாதி நேரம் பல நாட்டுக்காரர்களோடு வீடியோ அழைப்பிலேயே போகிறது. அங்கே என் பெயரை ஆளுக்கு ஒரு மாதிரி கூப்பிடுகிறார்கள். அமெரிக்கர்கள் 'டெரா' என்கிறார்கள். இங்கிலாந்துக்காரர் ஒருவர் 'டாரா' என்கிறார். ஸ்பெயினிலிருந்து பேசும் பெண் மட்டும் நம்மைப் போலவே 'தாரா' என்கிறார். சீனத் தோழி சொல்வது 'தாலா' என்று கேட்கிறது. போன வாரம் புதிதாக வந்த அமெரிக்க மேலாளர், 'இதில் எது சரி?' என்று கேட்டார். 'எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எதையோ விட்டுக்கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. 'பெயரைத் தப்பாகச் சொல்வது அவமரியாதை, ஒவ்வொரு தடவையும் திருத்து' என்கிறான் என் அண்ணன். அவர்கள் வேண்டுமென்று செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெயருக்குச் சரியான உச்சரிப்பு என்று ஒன்று உண்டா? என் பெயரின் ஆங்கில எழுத்தில் (Tara) டி-க்குப் பிறகு ஒரு எச் சேர்த்துக்கொண்டால் பிரச்சினை தீருமா?

அன்புடன்,
தாரா

அன்புள்ள தாரா,

கடிதத்தைப் படித்ததும் டெரா, டாரா, தாலா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துக்கொண்டால் போதும். டாராவையும் டெராவையும் ஒரே தப்பாக எண்ணுவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

முதலில் 'த'. அதைச் சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் பின்பக்கத்தைத் தொடுகிறது. 'ட' சொல்ல நாக்கு மேலே வளைந்து அண்ணத்துக்குப் போகிறது. ஆங்கிலத்தின் டி இந்த இரண்டுக்கும் நடுவே, பல்லுக்குச் சற்று மேலே ஈறு மேடிட்டிருக்கும் இடத்தில் பிறப்பது. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் கூடவே ஒரு மூச்சுக்காற்றும் வெளியே வரும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டால் அது படுவது தெரியும். நம் காதில் அந்த டி 'ட' என்று விழுகிறது. அந்த இங்கிலாந்துக்காரர் காதிலோ நம் த, ட இரண்டுமே டி-யாகத்தான் விழும். நீங்கள் எத்தனை தடவை 'தாரா' என்று திருத்தினாலும், 'ஆமாம், அதைத்தானே சொல்கிறேன், டாரா' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. வித்தியாசம் உண்மையிலேயே அவருக்குக் கேட்கவில்லை.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் மிகவும் பேர்பெற்றது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் 'த', 'ட' ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை ஒலி மாறியதைக் கண்டுகொண்டன. 10 முதல் 12 மாதக் குழந்தைகளிடம் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டிருந்தது. அதாவது உங்கள் பெயரின் முதல் எழுத்தை அந்த இங்கிலாந்துக்காரர் தன் முதல் பிறந்தநாளுக்குள்ளேயே தொலைத்துவிட்டார்! அவரவர் மொழிக்குத் தேவையில்லாத வேறுபாடுகளைக் கவனிக்காமல் விடுவதற்குக் காது அப்போதே பழகிவிடுகிறது. பெரியவர்களானபின் பயிற்சி செய்து கொஞ்சம் மீட்கலாம்தான். அலுவலகக் கூட்டத்தின் நடுவில் முடியாது.

நாம் மட்டும் என்ன ஒழுங்கா? விக்டர், வில்லியம் இரண்டையும் நாம் ஒரே 'வ'-வில் தொடங்குகிறோம். ஆங்கிலத்தில் முதலாவதற்குக் கீழுதட்டைப் பல் தொடவேண்டும், இரண்டாவதற்கு உதட்டைக் குவிக்கவேண்டும். 'வில்லியம்' என்று நாம் கூப்பிடுவதைக் கேட்டு எந்த வில்லியமும் சண்டைக்கு வந்ததாகத் தெரியவில்லை. உங்கள் சீனத் தோழியும் இதே கணக்குத்தான். நம் 'ர'-வைப் போல நாக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும் ஒலி சீனப் பொதுமொழியில் கிடையாது. கைக்கு எட்டியது 'ல', அதை எடுத்துக்கொள்கிறார். ஸ்பானிய மொழியின் டி பல்லில் படுவது, மூச்சுக்காற்றும் அதில் கிடையாது. அவர்களது 'ர'-வும் நம்முடையது மாதிரியே தட்டும். அந்தப் பெண் உங்கள்மேல் தனி அக்கறை எடுத்துக்கொண்டு பயிற்சி செய்தார் என்று நினைத்திருந்தால், மன்னிக்கவும், அவருக்கு அது சும்மா வந்தது.

ஆனால் 'டெரா' வேறு விஷயம். அமெரிக்கர்களுக்கு 'ஆ' வராது என்று யாரும் சொல்லமுடியாது. அவர்களிடம் ஏற்கெனவே இதே எழுத்துகளில் ஒரு பெயர் இருக்கிறது. அயர்லாந்தின் பழைய அரசர்களோடு தொடர்புடைய டாரா குன்றிலிருந்து வந்த பெண் பெயர் அது. உங்கள் பெயரோடு அதற்கு எந்த உறவும் இல்லை. எழுத்து மட்டும் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டது. அந்தப் பெயரை இங்கிலாந்தில் பெரும்பாலும் 'டாரா' என்கிறார்கள், அமெரிக்காவில் பலர் 'டெரா' என்கிறார்கள். திரையில் உங்கள் பெயரைப் பார்த்ததும் அவர்களுக்குத் தெரிந்த அந்தப் பெண்ணின் பெயர் வாயில் வந்துவிடுகிறது.

அங்கே உயிரொலிகளின் போக்கே தனி. வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் 'ர'-வுக்கு முன்னால் வரும் சில உயிர்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆரன் என்ற ஆண் பெயரும் எரின் என்ற பெண் பெயரும் அங்கே பலர் வாயில் ஒன்றுபோலவே வரும். மேற்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் டான் என்ற ஆணையும் டோன் என்று பிரிட்டிஷ்காரர்கள் நீட்டிச் சொல்லும் பெண்ணையும் ஒரே மாதிரி கூப்பிடுவார்கள். இருவரும் ஒரே அறையில் இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்களோ!

சரியான உச்சரிப்பு உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். பெயர் பிறந்த மொழியிலேயே பல சமயம் ஒன்றுக்கு மேல் உண்டு. எகிப்தின் அதிபராக இருந்த நாசரின் முழுப்பெயரை உலகம் 'கமால் அப்தெல் நாசர்' என்றே எழுதுகிறது. 'தங்கம்' என்பதில் வரும் 'க' மாதிரி அந்த முதலெழுத்தைச் சொல்லவேண்டும். இது வேறெதுவும் இல்லை, நமக்கெல்லாம் தெரிந்த ஜமால்தான். அரபியில் எழுத்து ஒன்றே. மற்ற அரபு நாடுகள் பலவற்றில் 'ஜ' என்று ஒலிக்கும் அந்த எழுத்து கெய்ரோவில் இப்படி ஒலிக்கும். இரண்டில் எது அசல் என்று கேட்டால் கெய்ரோக்காரரும் பாக்தாத்காரரும் ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். ஸ்பானியத்தில் கியேர்மோ என்ற பெயர் பியூனஸ் அயர்ஸ் போனால் 'கிஷேர்மோ' ஆகிவிடும். அயர்லாந்தில் ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட ஒரு பெண் பெயரை வடக்கே 'கீவா' என்றும் தெற்கே 'க்வீவா' என்றும் சொல்கிறார்கள்.

ஆகவே மொழியைக் கேட்டுப் பயனில்லை, பெயருக்குரியவரைத்தான் கேட்கவேண்டும். பிபிசி வானொலி எந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று முடிவுசெய்ய 1926-இலேயே ஒரு குழு அமைத்தது. பிறகு அதற்கென்றே ஒரு தனிப் பிரிவு வந்தது. ஆட்களின் பெயர் என்றால் அவரவர் தம் பெயரை எப்படிச் சொல்கிறார்களோ அதைத்தான் அவர்கள் பின்பற்றப் பார்க்கிறார்கள். ஆனால் செய்தி வாசிப்பவரிடம் 'த'-வையும் 'ழ'-வையும் எதிர்பார்ப்பதில்லை. ஆங்கில வாயில் அடங்கும் ஒலிகளைக்கொண்டு மிக நெருக்கமானதை எழுதிக்கொடுக்கிறார்கள். எனக்கு இது நியாயமான ஏற்பாடாகவே படுகிறது.

உங்கள் மேலாளர் கேட்டது நல்ல கேள்வி. 'எப்படி வேண்டுமானாலும்' என்று சொல்லி அவரை அந்தரத்தில் விட்டுவிட்டீர்கள். அடுத்த தடவை, 'கிட்டார் என்ற சொல்லின் கடைசியில் வரும் டார், அதோடு ஒரு அ' என்று சொல்லுங்கள். அமெரிக்க வாயில் அது அச்சாக 'டாரா' என்று வந்துவிடும். 'ஆ'-வைக் கேட்டு வாங்குங்கள், 'த'-வை விட்டுவிடுங்கள். நீங்கள் உங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போது மட்டும் எப்போதும் 'தாரா' என்றே சொல்லுங்கள். அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நீங்களே 'டெரா' என்றால் அதுவே நிலைத்துவிடும். சொல்லிக்கொடுத்த பிறகும் வருஷக்கணக்காக ஒருவர் 'டெரா' என்றே கூப்பிட்டாலோ, 'உன் பெயர் கஷ்டம், வேறு ஏதாவது வைத்துக்கொள்கிறேன்' என்றாலோ, அங்கே அண்ணன் சொன்னது பொருந்தும். கோபப்படலாம்.

அப்புறம், அந்த எச். நம்மில் பலர் 'த'-வுக்கு டி-எச் போடுகிறோம், வெறும் டி-யை 'ட'-வுக்கு வைத்துக்கொள்கிறோம். இது நமக்குள் செல்லுபடியாகும் ஏற்பாடு. வட இந்தியர்களே 'த'-வுக்கு வெறும் டி போடுகிறவர்கள்தான். ஆங்கிலேயர் டி-எச்சைக் கண்டால் பற்களுக்கு நடுவே நாக்கை நீட்டிக் காற்றை உரசவிடுவார், 'தேங்க்ஸ்' சொல்லும்போது செய்வது போல. இல்லையென்றால் தாமஸ், தெரேசா ஆகிய பெயர்களில் செய்வதுபோல எச்சைக் கண்டுகொள்ளாமல் மறுபடியும் 'டாரா' என்பார். அயர்லாந்துக்காரர்கள் பலர் மட்டும் டி-எச்சை நம் 'த' மாதிரியே பல்லில் ஒட்டிச் சொல்வார்கள். அவர்களுக்காகப் பாஸ்போர்ட்டை மாற்ற அலையவேண்டாம்.

அன்புடன்.