உப்புக்காரப் பெண் ஆற்றைத் தாண்டினாளா?

கேள்வி: எனக்கு வயது 31. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு நண்பர்கள் ஐந்து பேர் எங்கள் வீட்டு ஹாலில் கூடுகிறார்கள். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுவோம்: ஆளுக்கொரு பாத்திரம், பகடையை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்துவது. நடத்துவது நான். ஐந்திணை நிலங்களை வைத்து ஓர் உலகத்தை உருவாக்கி 140 பக்கம் எழுதியிருக்கிறேன். இப்போது இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். வருகிற மூவரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் தொந்தரவு ஒன்றும் இல்லை. அப்பா இறந்தபின் தூத்துக்குடியிலிருந்து என்னோடு வந்துவிட்ட அம்மா, ஆட்டம் முடிகிறவரை உள்ளறையில்தான் இருப்பார். போன மாதம் காபி கொண்டுவந்தபோது, எங்கள் கதையில் வருகிற ஒருத்தியைப் பற்றி, ‘அந்த உப்புக்காரப் பொண்ணு மழைக்கு முந்தி ஆத்தத் தாண்டிட்டாளா?’ என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். இவ்வளவு உழைக்கிறேனே, நண்பர்களுக்குப் பொறுப்பு வர என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: தம்பி, இதே கடிதம் எனக்குப் பல வேஷத்தில் வந்திருக்கிறது. நாடகக் குழு நடத்துகிறவர் எழுதுவார், குறும்படம் எடுக்கிறவர் எழுதுவார். ‘நான் இத்தனை பாடுபடுகிறேன், யாருக்கும் அக்கறை இல்லை.’ உங்கள் நண்பர்களைப் பற்றிப் பிறகு பேசலாம். அம்மா கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? சிரித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் சொன்னதாக எழுதவில்லை.

‘மழைக்கு முந்தி’ என்றாரே, அது காதில் விழுந்ததா? தூத்துக்குடிப் பக்கம் பாத்தியில் கட்டிய தண்ணீர் வெயிலில் சுண்டி உப்பாகும். அதை வாரி அம்பாரமாகக் குவிப்பார்கள். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் அந்த வருஷத்து வேலை முடிந்தது; மூடாமல் கிடக்கும் அம்பாரம் கரைந்து ஓடிவிடும். அந்த மண்ணிலிருந்து வந்தவருக்கு, உப்பு மூட்டையோடு ஒருத்தி ஆற்றங்கரையில் நிற்கிறாள் என்றதும் கண் வானத்துக்குத்தான் போகும். நெய்தலிலிருந்து உமணர் என்ற உப்பு வணிகர்கள் வண்டி கட்டி உப்பு கொண்டுபோனதை நீங்கள் புத்தகத்தில் படித்தீர்கள். அம்மா உப்போடு வளர்ந்த ஊர்க்காரர். கதவிடுக்கில் காதில் விழுந்த துண்டு துணுக்கை வைத்துக்கொண்டு அவர் அந்தப் பெண்ணுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். நீங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறீர்கள்.

எனக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. என் மகன் கல்லூரிக் காலத்திலிருந்து ஆடுகிறான். சோபாவுக்கு அடியில் பெருக்கும்போது அந்த இருபது முகப் பகடை எத்தனையோ முறை என் விளக்குமாற்றில் வந்திருக்கிறது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டதிலிருந்து இன்றுவரை இதன் உயிர் ஒரே கேள்வியில்தான் இருக்கிறது: அடுத்து என்ன ஆகும்? நடத்துகிறவருக்கும் அது தெரியாமல் இருக்கத்தான் பகடை. இருபது முகத்தில் எது விழவும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. 140 பக்கத்தில் முடிவுவரை எழுதி வைத்துக்கொண்டு எதற்கு உருட்டச் சொல்கிறீர்கள்? நண்பர்கள் போனைப் பார்ப்பது இதனால்தான். அவர்கள் என்ன செய்தாலும் கதை உங்கள் தண்டவாளத்தில்தான் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல், தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு அந்த வீட்டில் கேள்வி கேட்டவர் ஒருவர்தான். அவரை உள்ளே அனுப்பிவிட்டீர்கள்.

‘தி கொயட் இயர்’ என்று ஒரு விளையாட்டு உண்டு, 2013-ல் ஏவரி ஆல்டர் உருவாக்கியது. நடத்துகிறவர் என்று யாரும் கிடையாது. சாதாரணச் சீட்டுக்கட்டு, 52 சீட்டு, சீட்டுக்கு ஒரு வாரம். எல்லோரும் ஒரே தாளில் ஓர் ஊரின் வரைபடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வரைவார்கள். அதில் ஒரு விதி: ஒரு முடிவில் தன்னைக் கலந்துகொள்ளவில்லை என்று யாருக்காவது தோன்றினால், நடுவில் கிடக்கும் கல்லில் ஒன்றை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மா உள்ளறையில் உட்கார்ந்த ஞாயிறுகள் நூறாவது இருக்கும். அத்தனை கல்லையும் கொட்டினால் அந்த மேஜையில் காபி தம்ளர் வைக்க இடம் இருக்காது.

‘தொந்தரவு ஒன்றும் இல்லை’ என்ற வரி எனக்குக் கோபத்தை வரவழைத்தது. பழக்கமில்லாத ஊர், கணவர் இல்லை, மகன் வீட்டில் இருக்கிற ஒரே முழு நாள் ஞாயிறு. அன்றைக்கும் அவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும், நடுவில் காபி போட மட்டும் எழுந்து வர வேண்டும். ஒரு வீட்டின் ஹால் அந்த வீட்டின் மூத்தவருக்கு உரியது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வாடகை நீங்கள் கொடுப்பதால் அது மாறிவிடாது.

வருகிற ஞாயிறு 140 பக்கத்தைப் பீரோவில் வையுங்கள். நின்றுபோன இருவரையும் கூப்பிட்டு, ‘ஏன் வரவில்லை’ என்று குடையாமல், ‘கதையில் யாருக்கு என்ன ஆச்சு என்று உனக்குத் தெரிய வேண்டும்?’ என்று மட்டும் கேளுங்கள். தி கொயட் இயரில் நான்கு பேர்வரை ஆடலாம்; முதலில் நீங்கள், அம்மா, மூவரில் இரண்டு பேர் என்று உட்காருங்கள். அம்மாவுக்கு இஷ்டமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். கட்டாயப்படுத்தி உட்கார வைத்து வேடிக்கை பார்த்தால் அது இன்னொரு அவமானம். உங்கள் ஆட்டக்காரர்கள் ‘செஷன் ஸீரோ’ என்கிறார்களே, கதைக்கு முன்னால் எது வரலாம், எது வரக்கூடாது என்று பேசிக்கொள்வது, அதை இந்த முறை ஒழுங்காகச் செய்யுங்கள். கணவரை இழந்தவர் உட்காரும் மேஜை அது. சாவு எந்த அளவுக்கு வரலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். உப்பளம்கூட அவருக்கு எப்படிப்பட்ட நினைவு என்று நமக்குத் தெரியாது.

காபியை நீங்கள் போடுங்கள். சனிக்கிழமை ராத்திரியே டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிட்டால் நாலு பேருக்குப் பத்து நிமிஷ வேலை.