வெம்பிளி வளைவு வெறும் அழகுக்கா?

"லண்டன் வெம்பிளி மைதானத்தின் மேலே நிற்கும் பெரிய வளைவு அழகுக்கு மட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, கூரையைத் தாங்குவதே அதுதான்.

எங்கள் தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்துக்குப் பந்தல் போட்டால், பந்தக்காலுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு அர்ஜுனன் பாதிதான் தெரிவான். 90,000 பேர் அமரும் மைதானத்தில் அப்படி மறைக்கக் கூடாது இல்லையா? அதனால்தான் 133 மீட்டர் உயரம், 315 மீட்டர் அகலத்தில் அந்த எஃகு வளைவு. அதிலிருந்து இறங்கும் கம்பிவடங்கள், தொட்டில் கயிறு மாதிரி, வடக்குக் கூரையின் முழு எடையையும் தெற்குக் கூரையின் எடையில் பெரும்பகுதியையும் தூக்கிப் பிடிக்கின்றன. நடுவில் தூண் மறைப்பதில்லை.

இந்தப் புதிய மைதானம் 2007இல் திறந்தது. 1923இல் திறந்த பழைய மைதானத்துக்கு இரட்டைக் கோபுரங்கள்தான் அடையாளம். 1966இல் இங்கிலாந்து கால்பந்து உலகக் கோப்பையை வென்றது அங்கேதான். அந்தக் கோபுரங்களை இடித்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.