சாக்கியர்களுக்கு எத்தனை ராஜா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம்.

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். சித்தார்த்தர் ஒரு அரசரின் மகன் என்று பள்ளியில் சொன்னார்களாம். சாக்கியர்கள் அரசர் இல்லாத குடியரசு என்றும் சொன்னார்களாம். "அரசர் இல்லாத ஊரில் இளவரசர் எப்படிம்மா?" என்று கேட்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை. இதற்கிடையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: உலகின் முதல் ஜனநாயகம் ஏதென்ஸ் இல்லை, வைசாலிதான், அங்கே 7707 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், நம் உத்திரமேரூர் குடவோலை அதன் தொடர்ச்சி. இதில் எவ்வளவு உண்மை? உண்மை என்றால் அவை ஏன் அழிந்தன?

ஒரு வாசகி, திருச்சி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகன் சரியான இடத்தில் பிடித்திருக்கிறான். பள்ளியில் சொன்ன இரண்டுமே ஒரு வகையில் சரிதான், "ராஜா" என்ற சொல்லுக்கு அன்று இருந்த பொருளைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

சித்தார்த்தரின் தந்தை சுத்தோதனர் ராஜாதான், ஆனால் சாக்கியர்களில் அவர் மட்டும் ராஜா இல்லை. அந்தக் குலத்தின் குடும்பத் தலைவர்கள் பலருக்கும் அந்தப் பட்டம் உண்டு. அவர்கள் கபிலவஸ்துவில் சந்தாகாரம் என்ற மண்டபத்தில் கூடிப் பொதுக் காரியங்களைப் பேசினார்கள். இவர்கள் எல்லோருக்கும் மேலே கோசல மன்னரின் ஆதிக்கம் வேறு இருந்தது. மகத அரசர் பிம்பிசாரர் ஊரும் குலமும் விசாரிக்கும்போது, தன் மக்கள் கோசலத்தில் வாழ்கிறவர்கள் என்றுதான் சித்தார்த்தர் சொல்கிறார். பேரரசின் பட்டத்து இளவரசன் என்று நம் மனதில் பதிந்திருக்கும் சித்திரம் பிற்காலக் காவியங்களில் வளர்ந்தது.

சரி, அந்த 7707. இந்த எண் ஜாதகக் கதைகளில், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகளில், வருகிறது. இன்றைய பீகாரில் உள்ள வைசாலியில் 7707 ராஜாக்கள் இருந்தார்கள், அதே எண்ணிக்கையில் உபராஜாக்களும் சேனாதிபதிகளும் பண்டாரம் காப்பவர்களும் இருந்தார்கள் என்று அந்தக் கதைகள் சொல்கின்றன. நான்கு பதவிக்கும் ஒரே எண் வருவதால், "ஏராளமானவர்கள்" என்பதற்கு மேல் இதில் கணக்குப் பார்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் "மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்" என்பது அந்தக் கதைகளில் எங்குமே கிடையாது. அவர்கள் லிச்சவிக் குலத்தில் பிறந்ததால் ராஜாக்கள். லலிதவிஸ்தரம் என்ற பௌத்த நூல் வைசாலியைக் குறையாகவே பேசுகிறது, அங்கே ஆளாளுக்கு "நானே ராஜா, நானே ராஜா" என்று நினைக்கிறார்களாம்.

வைசாலியில் அந்த ராஜாக்கள் முடிசூடும்போது நீராடிய ஒரு குளம் இருந்தது. வேறு யாரும் இறங்கிவிடாதபடி காவல் போட்டு, பறவைகூட நுழைய முடியாமல் இரும்பு வலை கட்டியிருந்தார்கள் என்று கதை. கோசலத்துச் சேனாதிபதி பந்துலனின் மனைவி மல்லிகைக்கு மசக்கையில் அந்தக் குளத்தில்தான் குளிக்க வேண்டும், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட, அவன் காவலாளிகளை விரட்டி வலையை வெட்டி அவளை இறக்குகிறான், லிச்சவிகள் தேரேறித் துரத்துகிறார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் ஒரு பெரிய குளத்தைக் காட்டி இதுதான் அது என்கிறார்கள். பாட்னாவிலிருந்து கங்கையைக் கடந்து போய் அதன் கரையில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் அந்த வலைதான் இருந்தது. உழுதவர்களும் அடிமைகளும் கூலிக்காரர்களும் பெண்களும் அந்தச் சபைக்கும் வெளியேதான் நின்றார்கள். ஏதென்ஸிலும் அடிமைகளுக்கும் பெண்களுக்கும் இடமில்லை, அதனால் இதில் யார் முதல் என்று போட்டி வைப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை.

குடியரசு என்ற நம் சொல்லையே கொஞ்சம் பாருங்கள். இன்று அதில் வரும் குடி என்பதற்குக் குடிமக்கள் என்று பொருள் கொள்கிறோம். பழந்தமிழில் குடி என்றால் குலமும்தான், "நல்ல குடியில் பிறந்தவன்" என்று இன்னும் பேச்சில் இருக்கிறது. வைசாலி அந்தப் பழைய பொருளில் குடியரசு, அதாவது ஒரு குடி சேர்ந்து ஆண்ட அரசு. உங்கள் மகனுக்கு இப்படிச் சொன்னால் புரியும்.

ஆனால் வாட்ஸ்அப் செய்தி தப்பு என்பதற்காக அந்த மனிதர்கள் சாதித்ததையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பக்கத்திலேயே மகதமும் கோசலமும் ஒற்றை மன்னனின் கையில் பெருத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்போம் என்று நின்றார்கள். கணம், சங்கம் என்பவை இந்த அரசுகளுக்கு வழங்கிய பெயர்கள், பின்னால் புத்தரின் துறவிகள் கூட்டத்துக்கும் சங்கம் என்றே பெயர் வந்தது. அந்தத் துறவிகளின் வினய நூல்களில், அதாவது ஒழுக்க விதி நூல்களில், கூட்டம் நடத்தும் முறை விரிவாக இருக்கிறது. முதலில் தீர்மானத்தைச் சபை முன் வைக்க வேண்டும், பெரிய விஷயமானால் மூன்று முறை அறிவிக்க வேண்டும், யாரும் பேசாவிட்டால் சம்மதம், நோயாளி தன் இசைவைச் சொல்லி அனுப்பலாம். தகராறு தீராவிட்டால் வெவ்வேறு நிறக் குச்சிகளைக் கொடுத்து எண்ணுவார்கள். இதை ரகசியமாகவும் செய்யலாம், காதோடு காதாகக் கேட்டும் செய்யலாம், வெளிப்படையாகவும் செய்யலாம். அப்புறம் ஒரு விதி வருகிறது: ரகசியமாக எடுக்கும்போது தர்மத்துக்கு மாறான பக்கம் குச்சி அதிகம் விழுந்தால், எண்ணுகிறவர் அது செல்லாது என்று தள்ளிவிட வேண்டும். முதல் தடவை படித்தபோது எனக்கு இது வருத்தமாகவே இருந்தது. இந்த முறைகளில் லிச்சவிச் சபையின் சாயல் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஆனால் இவை துறவிகளுக்கான விதிகள், வைசாலியில் வாக்கெடுப்பு நடந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது ஊகம்தான்.

ஏன் அழிந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். மகத மன்னன் அஜாதசத்ரு வஜ்ஜிகள் மேல், அதாவது லிச்சவிகளின் கூட்டரசின் மேல், படையெடுக்க நினைத்துத் தன் அமைச்சர் வஸ்ஸகாரனைப் புத்தரிடம் அனுப்புகிறான். புத்தர் நேராகப் பதில் சொல்லாமல் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த சீடர் ஆனந்தரிடம் கேட்கிறார்: வஜ்ஜிகள் அடிக்கடி கூடுகிறார்களா? ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலைகிறார்களா? பெரியவர்கள் சொல்லைக் கேட்கிறார்களா? பெண்களை வலுவில் தூக்கிப் போகாமல் இருக்கிறார்களா? இப்படி ஏழு கேள்விகள். ஏழும் இருக்கும்வரை அவர்களுக்குத் தேய்வில்லை என்கிறார். அமைச்சர் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்: போரால் முடியாது, பேசி வசப்படுத்த வேண்டும், இல்லையென்றால் ஒருவரோடொருவர் பிளக்க வேண்டும்.

பிளந்த கதையைப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அனுராதபுரத்தில் இருந்து உரை எழுதிய புத்தகோசர் சொல்கிறார். மன்னனோடு சண்டை என்று நாடகமாடி வஸ்ஸகாரன் வைசாலிக்கு வந்து சேர்கிறான், லிச்சவிப் பிள்ளைகளுக்கு ஆசிரியனாகிறான். ஒருவனை மட்டும் தனியே ஓரமாகக் கூட்டிப் போய், "வயலை உழுகிறார்களா?" என்று கேட்பான். "உழுகிறார்கள்." "இரண்டு மாடு பூட்டியா?" "ஆமாம்." அவ்வளவுதான். மற்றவர்கள் வந்து என்ன பேசினார் என்று கேட்டால் அவன் உள்ளதைச் சொல்வான், ஒருத்தரும் நம்பமாட்டார்கள். மூன்று வருஷத்தில் இரண்டு பேர் ஒரே வழியில் சேர்ந்து நடக்காத நிலை. அஜாதசத்ரு வந்தபோது முரசு அடிக்கிறார்கள், ஒருவரும் கூடவில்லை, திறந்த வாசல் வழியாகவே அவன் நுழைந்துவிடுகிறான். அர்த்தசாஸ்திரத்தில் சங்கங்களை உடைப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு, அதில் ஆசிரியர் வேஷம் போட்ட ஒற்றர்கள் பிள்ளைகளுக்குள் சண்டை மூட்டிவிடுவதும் ஒரு வழியாக வருகிறது. சாக்கியர்கள் முடிந்தது வேறு விதமாக. கோசல மன்னன் பெண் கேட்டபோது தங்கள் ரத்தத்தைக் கொடுக்க மனமில்லாமல், அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த மகளை ராஜகுமாரி என்று அனுப்பினார்கள். அவள் மகன் விடூடபன் தாய்வீட்டுக்கு வந்து போனதும் அவன் உட்கார்ந்த பலகையைப் பால் கலந்த நீரால் கழுவினார்கள். அது அவன் காதுக்குப் போயிற்று. அரசனானதும் வந்து கொன்று தீர்த்தான்.

உத்திரமேரூரைப் பற்றிச் சுருக்கமாக: அந்தக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921. அது பிராமணச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்க, நிலமும் சொந்த வீடும் வேதக் கல்வியும் உள்ளவர்களிலிருந்து ஓலை எடுக்கும் முறை. இடையில் ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல். தொடர்ச்சி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இன்னொன்று, வைசாலியோடு எல்லாக் கணங்களும் போய்விடவில்லை. குப்த வம்சத்து முதலாம் சந்திரகுப்தன் லிச்சவிப் பெண் குமாரதேவியை மணந்தான், அவர்கள் மகன் சமுத்திரகுப்தன் அலகாபாத் தூணில் தன்னை லிச்சவிகளின் மகள்வயிற்றுப் பிள்ளை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அதே தூணில் அவனுக்குக் கப்பம் கட்டியவர்கள் வரிசையில் மாளவர், யௌதேயர் என்ற கணங்கள் வருகின்றன. இந்த யௌதேயர்கள் இன்றைய ஹரியானா, பஞ்சாப் பக்கம் வாழ்ந்தவர்கள், அவர்கள் அடித்த செப்புக் காசின் படம் இணையத்தில் கிடைக்கும், மகனுக்குக் காட்டுங்கள். ஒரு பக்கம் கையில் வேலோடு நம் முருகன், காலடியில் மயில், சுற்றிலும் "யௌதேய கணத்துக்கு வெற்றி" என்ற எழுத்து. அரசன் பெயர் அதில் இருக்காது.